வளவுக்கு எந்த நெருப்பு?

காரைக்குடிப் பக்கம் மார்கழி விடியற்காலை எவ்வளவு குளிர்ந்தாலும் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு பட்டாலையில் உட்கார்ந்தால் போதும், குளிர் போய்விடும். ஆகவே நம் ஊரில் யாரும் குளிர் காய்வதற்காக நெருப்பு மூட்டியதாக எனக்கு நினைவில்லை. வெந்நீர் போட மூட்டினோம், நெல் அவிக்க மூட்டினோம், கல்யாணத்துக்கு மூட்டினோம். நெருப்பைச் சும்மா மூட்டிவிட்டுச் சுற்றி உட்கார்ந்து பேசுவது என்பது டொரண்டோவில் இருக்கிற என் மகன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவன் வீட்டுக்குப் பின்னால் கல் பாவிய ஒரு சிறு தளம் உண்டு. பேட்டியோ என்கிறான். அதன் நடுவில் மேஜை மாதிரி ஒன்று, அதில் எரிமலைக் கல் துண்டுகளைப் பரப்பியிருக்கிறார்கள், அடியில் காஸ். அந்த ஊரில் வீட்டுக் கொல்லையில் விறகு எரிக்க அனுமதி கிடையாதாம், அதனால் காஸ். இந்தப் பொங்கலுக்கு மூன்று வாரம் குடும்பத்தோடு வருகிறேன் என்று எழுதியவன், கூடவே இதையும் எழுதியிருந்தான்: "அப்பச்சி, பிள்ளைகள் ராத்திரி நெருப்புச் சுற்றி உட்கார்ந்து பழகிவிட்டார்கள். நம் வளவில் அப்படி ஒன்று வைக்கலாமா? இணையத்தில் பார்த்து ஏதாவது வாங்கி அனுப்பட்டுமா?"

பிள்ளை கேட்டால் பார்க்கத்தானே வேண்டும். நான் 34 வருடம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியவன். எரிதல் என்றால் என்ன என்று கரும்பலகையில் எழுதியே கை தேய்ந்தவன். எனக்கும் ஆசைதான். ஆனால் இந்த விஷயத்தில் என் ஆசையும் மகனின் ஆசையும் இரண்டாம்பட்சம். என் மனைவிக்கு வயது 71. நுரையீரலில் சளி அடைப்பு நோய், ஐந்து வருடமாக இழுப்பு மருந்து உறிஞ்சுகிறாள். மதுரையில் முதல்முறை காட்டியபோது அந்த டாக்டர் என்னைப் பார்த்து, "நீங்கள் பீடி சிகரெட் பிடிப்பீர்களா?" என்றார். இல்லை என்றேன். அடுத்து அவளைப் பார்த்து, "அம்மா, விறகடுப்பில் எத்தனை வருஷம் சமைச்சீங்க?" என்றார். அவள் விரல் விட்டு எண்ணினாள். பிறந்த வீட்டில் ஐந்து, புகுந்த வீட்டில் பதினொன்று. டாக்டர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை, எழுத ஆரம்பித்துவிட்டார்.

அந்தப் பதினொரு வருடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இளையவர்களுக்குத் தெரிந்திருக்காது. நம் நகரத்தார் வீடுகளில் கூட்டுக் குடும்பம் என்று பெயரே தவிர, உலை கூட்டு கிடையாது. கல்யாணமான கொஞ்ச நாளில் மகனையும் மருமகளையும் 'வேறு வைத்து' விடுவார்கள். அதே வீடுதான், அதே வளவுதான், ஆனால் அடுப்பு தனி. வருடத்துக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பருப்பு என்று அளந்து கொடுத்துவிட்டால், அந்தப் பெண் தன் குடித்தனத்தைத் தானே நடத்திக்கொள்ள வேண்டும். ஒரு புள்ளிக்கு ஓர் அடுப்பு. எங்கள் வீட்டில் அப்போது 9 புள்ளி. 9 அடுப்பும் பின்கட்டில் ஒரே நேரத்தில் எரியும். புகைக்கூண்டு வைத்த அடுப்படி எல்லாம் பெரிய பணக்கார வீடுகளில். எங்கள் வீட்டில் ஓட்டுச் சரிவில் விட்ட இடைவெளி ஒன்றுதான் வழி. 1974-இல் எங்களை வேறு வைத்தார்கள். 1985-இல்தான் காஸ் வந்தது. கல்கத்தாவில் முதல் இண்டேன் இணைப்புக் கொடுத்தது 1965-இல். அது எங்கள் பின்கட்டுக்கு நடந்து வந்து சேர இருபது வருடம் ஆகியிருக்கிறது.

வீட்டு அடுப்புப் புகையால் உலகத்தில் வருடத்துக்கு 32 லட்சம் பேர் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டுக்குக் கணக்குச் சொல்கிறது. புகையில் கண்ணுக்குத் தெரிகிற கரியை விடத் தெரியாத தூள்தான் மோசம். இரண்டரை மைக்ரானுக்கும் குறைவான தூள். நம் தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூக்கும் தொண்டையும் தடுக்க முடியாமல் நேரே நுரையீரலின் கடைசி அறை வரை போய் உட்கார்ந்துகொள்ளும். 1980களில் மத்திய அரசு புகையில்லா அடுப்புத் திட்டம் என்று ஒன்று கொண்டுவந்தது, பலருக்கும் நினைவிருக்கும். எங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சியில் வருடா வருடம் எவனாவது ஒரு பையன் களிமண்ணில் அதன் மாதிரி செய்து கொண்டுவருவான். பரிசும் வாங்குவான். அவன் வீட்டில் அவன் ஆத்தா பழைய அடுப்பைத்தான் ஊதிக்கொண்டிருப்பார்.

இதையெல்லாம் மகனுக்குத் தொலைபேசியில் சொன்னபோது, "அப்படின்னா வேண்டாம் அப்பச்சி, விடுங்க" என்றான் உடனே. பக்கத்தில் நின்ற அவள் தொலைபேசியை வாங்கினாள். "ஏந்தம்பி வேண்டாம்? பேத்தியும் பேரனும் ஆசைப்படுதுக. என்னைய உள்ள போட்டுப் பூட்டீட்டு நீங்க வெளிய நெருப்பு காயப் போறீகளா? நானும் கூட உட்காருவேன். உங்க அப்பச்சி படிச்சவுகதான, பொகையில்லாம ஒண்ணு பார்க்கட்டும்" என்றாள்.

பொறுப்பு என் தலையில் விழுந்தது. பார்க்க ஆரம்பித்தேன்.

மகன் முதலில் அனுப்பிய படம் ஓர் இரும்புக் கிண்ணம். மூன்று கால், இரண்டடி அகலம். விறகை அதில் போட்டு எரிக்க வேண்டியதுதான். காற்று பக்கவாட்டில் வருமே தவிர, அடியில் இருந்து வர வழியில்லை. அடியில் காற்று இல்லாத நெருப்பு எப்போதும் புகையும். மேலும் அவன் அதை வைக்க நினைத்த இடம் வளவைச் சுற்றியுள்ள பத்தி. அங்கே ஆத்தங்குடிக் கல் பாவியிருக்கிறது. ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுட்டது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சுடுவதே இல்லை. கண்ணாடிப் பலகையின் மேல் அச்சை வைத்து, வண்ணம் கலந்த சிமெண்ட்டை ஊற்றி, மேலே மணலும் சிமெண்ட்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து எடுப்பது. அந்தக் கண்ணாடியின் வழவழப்புத்தான் கல்லின் பளபளப்பு. நெருப்பையே பார்க்காத கல் அது. ஒரு கங்கு விழுந்தால் அந்த இடம் வெளுத்துக் கறையாக நிற்கும், எத்தனை முறை துடைத்தாலும் போகாது. சரி, நடு வளவில் பள்ளத்தில் வைக்கலாம் என்றால் அங்கே கருங்கல். மழைத்தண்ணீர் குடித்த கருங்கல்லில் நேரடியாக நெருப்பு வைத்தால் பொருக்குப் பொருக்காகத் தெறிக்கும்.

அடுத்த படம் இரட்டைச் சுவர் டிரம். இதுதான் இப்போது மேல்நாட்டில் எல்லாரும் வாங்குவதாம், 'புகையில்லாத' நெருப்புக்குழி. இதன் வேலையை நான் ரசித்தேன் என்று சொல்லத்தான் வேண்டும். எவர்சில்வரில் உள் சுவர், வெளிச் சுவர். கீழே துளை வழியாக நுழையும் காற்று இரண்டு சுவருக்கும் நடுவில் ஏறும்போது நன்றாகச் சூடாகி, மேல் விளிம்பில் உள்ள சிறு துளைகளில் உள்பக்கமாகச் சீறும். புகை என்பது எரியாமல் தப்பித்த எரிபொருள்தானே. அது வெளியே போகிற வாசலிலேயே சூடான ஆக்ஸிஜனைக் கொடுத்தால் அங்கேயே எரிந்துவிடும். நல்ல யோசனை. ஆனால் பற்றவைக்கிற முதல் பத்து நிமிடமும், அணைகிற கடைசி அரை மணியும் அதுவும் மற்ற நெருப்பு மாதிரித்தான் புகையும், ஏனென்றால் அப்போது சுவரில் சூடு இருக்காது. விறகில் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் கதை முடிந்தது. விலையைப் பார்த்தேன், அனுப்பும் கூலியைப் பார்த்தேன், மூடிவிட்டேன்.

காஸ்? புகையே கிடையாது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த மேஜை அடுப்பில் உள்ள பர்னர் மணிக்கு ஒரு கிலோவுக்கு மேல் குடிக்கிறது. நம் வீட்டுச் சிலிண்டர் 14.2 கிலோ. நாலு ராத்திரி, மூன்று மணி நேரம் வீதம் எரித்தால் ஒரு சிலிண்டர் காலி. சமையலுக்கென்று கொடுத்ததைக் கல்லைக் காய்ச்சப் பயன்படுத்த எனக்கு மனம் வரவில்லை. அதைவிட, அதில் பிள்ளைகள் ஒரு கிழங்கைக்கூடச் சுட முடியாது. சுடுவதற்குத் தணல் வேண்டும், சாம்பல் வேண்டும்.

இதற்கிடையில் இன்னொரு தலைவலி. வளவு எனக்கு மட்டும் சொந்தமா? பங்காளிகள் எல்லாருக்கும் பொது. சிங்கப்பூரில் ஒருவர், சென்னையில் மூவர், இங்கே ஊரில் நானும் என் பெரியப்பச்சி மகன் அண்ணனும். இரண்டு வருடம் முன்பு எல்லாருமாகப் பணம் போட்டு வளவுக் கூரை மரத்துக்கு எண்ணெய் பூசி, சுவரில் பெயர்ந்திருந்த இடங்களில் பழைய மாதிரியே சுண்ணாம்புப் பூச்சு வைத்தோம். அண்ணனிடம் போய்க் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"பொங்கப் பானைக்குன்னா பேச்சே இல்லை தம்பி. அது அந்தந்தப் புள்ளிக்கு உள்ள பாத்தியதை. யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. தினம் ராத்திரி நெருப்புன்னா, நீங்க வைப்பீக, நாளைக்குச் சென்னைக்காரக பிள்ளைக வந்து கேட்கும், அதுக்கு முடியாதுன்னு சொல்ல முடியுமா? மேல பாருங்க" என்று கூரையைக் காட்டினார். பர்மாத் தேக்கு உத்தரம், அவருடைய அய்யா மௌல்மீனில் இருந்து கப்பலில் ஏற்றி அனுப்பியது என்று வீட்டில் சொல்வார்கள். அதில் கரி ஏறினால் எப்படி எடுப்பது?

அவர் சொன்னது நியாயம். எனக்கும் அது வசதியாகப் போயிற்று. பொங்கல் நெருப்பு வளவில், ஒரு காலை மட்டும். ராத்திரி நெருப்பு பின்னால் கிணற்றடியில், வானம் பார்த்த இடத்தில். ஒரு நெருப்பைத் தேடிப் போனவனுக்கு இரண்டு நெருப்பு ஆயிற்று. இரண்டுக்கும் தேவை வேறு என்பதும் அப்போதுதான் பிடிபட்டது. முன்னதற்குச் சுடர் வேண்டும், பின்னதற்குத் தணல் போதும்.

பொங்கல் நெருப்பை விறகில்லாமல் மூட்ட முடியாது. கரி அடுப்பிலோ காஸிலோ பால் பொங்கவைக்கலாம்தான், சென்னை அடுக்குமாடியில் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் அவள் கேட்கவில்லை. சரி, விறகு என்றால் என்ன விறகு?

எங்கள் தெருவில் ஒரு பழைய வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். தூண், கதவு, நிலை எல்லாம் லாரியில் போய்விட்டன. மீதிக் கட்டைகளை அள்ளிக்கொள்ளுங்கள் சார் என்றார் மேஸ்திரி. நன்றாகக் காய்ந்த மரம், நூறு வருடம் நிழலில் காய்ந்தது, இதைவிட என்ன வேண்டும் என்று தோன்றும். எடுக்கவில்லை. பழைய மரத்தில் பூசியிருக்கும் பெயிண்டில் ஈயம் இருக்கும், எரித்தால் புகையில் வரும். பெயிண்ட் இல்லாத கட்டை என்றாலும், யாரோ ஒரு செட்டியார் வீட்டு விட்டத்தை அடுப்பில் வைக்க எனக்குக் கை வரவில்லை. அது வேறு விஷயம்.

வேம்பு புகை நெடி. புளி நின்று எரியும், ஆனால் பிளப்பது கஷ்டம். தென்னை மட்டை குபீரென்று எரிந்து அடங்கிவிடும். கடைசியில் சவுக்கும் சீமைக்கருவேலும் வாங்கினேன். சீமைக்கருவேலைப் பற்றி நம் மாவட்டத்தில் யாரும் நல்ல வார்த்தை சொல்வதில்லை. 2017-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இதை அடியோடு அகற்றச் சொல்லி உத்தரவிட்டு, ஊர் ஊராக ஜேசிபி கிளம்பியது. அகற்றிய வேகத்தில் மறுபடி முளைத்தது. கண்மாயைக் கெடுக்கும், வாய்க்காலை அடைக்கும், எல்லாம் உண்மை. ஆனால் மழை இல்லாத வருடங்களில் ராமநாதபுரம், சிவகங்கைச் சீமையில் எத்தனை வீட்டில் உலை கொதித்தது இதை வெட்டி என்பதையும் பார்க்க வேண்டும். விறகாகவும் விற்றார்கள், கரிமூட்டம் போட்டும் விற்றார்கள்.

விறகில் மரத்தின் சாதியைவிட ஈரம்தான் முக்கியம். பச்சையாக வெட்டிய கட்டையில் ஏறக்குறையப் பாதி எடை தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்க, ஒவ்வொரு கிராமுக்கும் 540 கலோரி வெப்பம் போகும். நெருப்பு தன் சூட்டை எல்லாம் தண்ணீரை விரட்டுவதிலேயே செலவழித்தால், மரத்திலிருந்து கிளம்பும் வாயுக்கள் எரிகிற அளவுக்குச் சூடு மிஞ்சாது. அதுதான் புகை. ஐப்பசியிலேயே வாங்கியிருந்ததால் மழைக்கு உள்ளே, வெயிலுக்கு மொட்டை மாடி என்று மாற்றி மாற்றி வைத்தேன். கட்டைவிரல் தடிமனுக்குப் பிளக்கச் சொன்னேன். காய்ந்ததா என்று பார்க்க ஒரு சுலபமான வழி, இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டுங்கள். 'டங்' என்று மணி மாதிரிக் கேட்டால் காய்ந்தது. 'தொப்' என்றால் இன்னும் வேண்டும். பேத்தி வந்த மறுநாள் முழுக்க இதே வேலையாகத் தட்டிக்கொண்டிருந்தாள்.

அடுப்புக்கு யோசிக்கவே இல்லை. மானாமதுரையில் இருந்து வண்டியில் வைத்து விற்றுக்கொண்டு வருவார்களே, அந்த மண் அடுப்புத்தான், மூன்று குமிழ் வைத்தது. கருங்கல்லின் மேல் நாலு விரல் உயரத்துக்கு மணல் பரப்பி, அதன் மேல் செங்கல், அதன் மேல் அடுப்பு.

நேரம்தான் பெரிய பிரச்சினையாக இருந்தது. மார்கழி, தை விடியலில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கிடக்கும், மேலே உள்ள காற்று அதைவிடச் சூடாக இருக்கும். புகை மேலே போக முடியாமல் மூடி போட்ட மாதிரித் தங்கிவிடும். போகியன்று சென்னையில் விமானம் தாமதமானது என்று செய்தி வருகிறதே, அதற்கு இதுதான் காரணம். நாலு பக்கமும் கூரை இறங்கிய வளவில் கேட்கவே வேண்டாம். ஆகவே விடிவதற்கு முன் மூட்டுவதில்லை, ஆறரை மணிக்கு மேல், வெயில் கூரையில் பட்ட பிறகுதான் என்று முடிவு செய்தேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் ஆத்தா காலத்தில் நாலரைக்கே அடுப்பு எரியும் என்றாள். பொங்கல் வைப்பது சூரியனுக்குத்தானே, அவர் வரட்டுமே என்றேன். அதற்கு அவளிடம் பதில் இல்லை. ஆனாலும் முகம் கொஞ்சம் சுருங்கித்தான் போயிற்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது, அதுதான் சிரமம். பானை வைப்பது இந்த முறை மருமகள். கல்யாணமாகி வந்த நாளாக ஐம்பது பொங்கலாகத் தன் கையால் வைத்தவள் இவள். "மூச்சு வாங்குதுன்னு சொல்லி என்னையத் திண்ணையில உட்கார வைக்கிறீக" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி வெகு நேரம் தூங்காமல் கிடந்தாள். காலையில் எழுந்து மருமகளைக் கூப்பிட்டு, அரிசி களைந்த தண்ணீரை எதில் பிடிக்க வேண்டும், பானைக் கழுத்தில் மஞ்சள் கொத்தை எப்படிக் கட்ட வேண்டும், வெள்ளைப் பொங்கல் பானை எந்தப் பக்கம், சர்க்கரைப் பொங்கல் பானை எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். அந்தப் பெண் எல்லாவற்றையும் கைப்பேசியில் எழுதிக்கொண்டது.

பொங்கலன்று பாளையும் கொட்டாங்கச்சியும் வைத்துப் பற்றவைத்தோம். அடுப்பில் விறகை அமுக்கித் திணிக்காமல் காற்றுக்கு இடம் விட்டு இரண்டிரண்டாக வைத்தேன். முதல் ஐந்து நிமிடம் புகைந்தது, பிறகு சுடர் மட்டும். அவள் காற்று வரும் பக்கமாக, பட்டாலைப் படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இடது பக்கம் இழு", "போதும், தள்ளாத" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அண்ணன் வீட்டுப் பானை எங்கள் பானைக்கு அடுத்தாற்போல். 9 அடுப்பு எரிந்த வளவில் இந்த வருடம் 2.

பால் பொங்கும்போது சங்கு ஊதுவது எங்கள் புள்ளியில் எப்போதும் அவள்தான். இப்போது அந்த மூச்சு அவளிடம் இல்லை. பேத்தி இரண்டு வாரமாகப் பழகியும், வெறும் காற்றுத்தான் வந்தது. அன்று பால் நுரை எழும்பிப் பானை விளிம்பைத் தாண்டும்போது அந்தக் குழந்தை கன்னம் புடைக்க ஊதியது. ஒரு சத்தம் வந்தது. சங்கு நாதம் என்று சொல்ல முடியாது, எருமைக் கன்று கத்தியது மாதிரி. அவள் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. மருந்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். கையைக் காட்டி வேண்டாம் என்றாள்.

ராத்திரி நெருப்புக்கு வருகிறேன். குமுட்டி அடுப்பு என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளில் கிடைக்குமா என்று தேடிப் போனேன். அங்கே ஒரு மூலையில் உருளிக்கும் அண்டாவுக்கும் நடுவில் செம்பு பாய்லர் ஒன்று நின்றுகொண்டிருந்தது. எங்கள் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நடுவில் ஒரு குழாய், அதைச் சுற்றித் தண்ணீர், கீழே கம்பித் தட்டு, பக்கத்தில் பித்தளைக் குழாய். கரியை மேலே போட்டால் குழாய் சூடேறி, காற்றைக் கீழிருந்து தானே இழுத்துக்கொள்ளும். விசிறவும் வேண்டாம், ஊதவும் வேண்டாம். அந்த இரட்டைச் சுவர் டிரம் காற்றை இழுக்கிற மாதிரியேதான் இதுவும் இழுக்கிறது. கடைக்காரர் அதை யாரோ வெளிநாட்டுக்காரருக்குப் பூச்சாடியாக விற்கக் காத்திருந்தார் போலிருக்கிறது, விலை அப்படிச் சொன்னார். பேரம் பேசிக் கொண்டுவந்தேன். குளிக்கிற தண்ணீர்தானே என்பதால் ஈயம் பூச ஆள் தேடவில்லை, புளி போட்டுத் துலக்கியதோடு சரி.

கரி, சீமைக்கருவேல் கரி. கரிமூட்டம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கட்டைகளைக் கூம்பாக அடுக்கி, வைக்கோல், செத்தை மூடி, மண் பூசி, சிறு துளைகள் மட்டும் விட்டுப் பற்றவைப்பார்கள். போதிய காற்று இல்லாமல் நாட்கணக்கில் உள்ளேயே வெந்து, தண்ணீரும் புகை தரும் பொருட்களும் எல்லாம் அங்கேயே போய்விடும். அதாவது, நம் வீட்டில் வரவேண்டிய புகையை மூட்டம் போடுகிறவர் அங்கே ஏற்கெனவே சுவாசித்துவிட்டார். கரி வாங்கும்போது இதுவும் நினைவில் இருப்பது நல்லது.

கரிக்குப் புகை குறைவே தவிர, ஆபத்து குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் போய் ஒட்டிக்கொள்ளும். வடநாட்டில் குளிர்காலத்தில் கதவைச் சாத்திக்கொண்டு கரியடுப்போடு தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்று வருடா வருடம் படிக்கிறோம். மழை தூறினாலும் சரி, கொசு கடித்தாலும் சரி, கரியடுப்பை அறைக்குள்ளோ பத்திக்குள்ளோ கொண்டுவரக் கூடாது. இதை மகனிடம் மட்டும் இல்லை, பிள்ளைகள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னேன். பேரனுக்கு ஆறு வயது. "கண்ணுக்குத் தெரியாத புகையா, ஐயா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அவன் அன்று முழுவதும் கண்ணுக்குத் தெரியாததைத் தேடிக்கொண்டிருந்தான்.

கிணற்றடியில் கரியைப் பற்றவைப்பது நானும் மகனும் மட்டும். அந்தப் பதினைந்து நிமிடம் அவள் உள்ளே இருப்பாள். கரி சாம்பல் பூத்துச் சிவந்த பிறகு கூப்பிடுவோம். பத்தடி தள்ளி, வாடைக்காற்று முதுகில் படுகிற மாதிரி அவள் கட்டில். பாய்லரில் பாதித் தணலை எடுத்துப் பக்கத்தில் மணலில் கொட்டி, சாம்பலில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு புதைப்போம். பனங்கிழங்கு நாள் அது, சந்தையில் கட்டுக் கட்டாக வந்திருந்தது, அதையும் சுட்டோம். வேகவைத்ததுதான் எனக்குப் பிடிக்கும், சுட்டதில் நார் அதிகம். பிள்ளைகள் நாரோடு மென்றார்கள்.

அப்படி உட்கார்ந்திருக்கும்போதுதான் அவள் மாவலி சுற்றின கதையைச் சொன்னாள். கார்த்திகைக்குப் பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கி, துணியில் முடிந்து, பனை மட்டையில் வைத்துக் கட்டிக் கயிற்றால் சுற்றினால் பொறி பூவாகக் கொட்டும். ஆண்பிள்ளைகள் விளையாட்டு அது. அவள் பத்து வயதில் தம்பியிடம் பிடுங்கிச் சுற்றிப் பாவாடையில் ஓட்டை விழுந்து அடி வாங்கியிருக்கிறாள். ஐம்பது வருடத்தில் எனக்கு இதைச் சொன்னதே இல்லை. பிள்ளையார் நோன்புக்கு இழை எடுப்பதைப் பற்றியும் பேத்தி கேட்டாள். 21 இழை திரி, மாவில் எரியும், சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்வது. டொரண்டோவிலும் நம்மவர்கள் சேர்ந்து எடுக்கிறார்களாம், மகனே சொன்னான். சுடுமா என்று கேட்டாள் பேத்தி. "வாயை மூடினா நெருப்புக்குக் காத்து ஏது? அணைஞ்சுபோகும்" என்றாள் அவள். 34 வருடம் நான் நடத்திய பாடம், ஒரு வரியில்.

பதினோரு ராத்திரி உட்கார்ந்தோம். இரண்டு ராத்திரி அவளுக்கு மூச்சு சரியில்லை, அன்று நெருப்பு வைக்கவில்லை, பிள்ளைகளும் கேட்கவில்லை. மதுரை டாக்டரிடம் மாதாந்திரப் பார்வைக்குப் போனபோது மறைக்காமல் சொன்னேன். முறைத்தார். பிறகு எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம், மூடிய இடமா திறந்த இடமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். விறகுப் பக்கம் போகவே கூடாது, கரி என்றாலும் எரிந்து சிவந்த பிறகுதான், அதுவும் தினமும் வேண்டாம் என்றார். இதே நோய் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால், என்னைப் பார்த்துச் செய்யாமல் உங்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

அவர்கள் ஊருக்குக் கிளம்பிய அன்று மகன் பாய்லரைத் தூக்கிப் பார்த்தான். 12 கிலோ இருக்கும். விமானத்தில் ஏற்றினால் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டான். "அங்க கொண்டுபோயி என்ன பண்ணுவ, கரி ஏது?" என்றாள் அவள். சாம்பலை அள்ளிக் கொல்லையில் வெண்டைக்குப் போட்டேன். கரி முக்கால் மூட்டை மிச்சம் இருக்கிறது. சாக்கில் கட்டி, ஈரம் படாமல், பழைய அடுப்படியில் வைத்திருக்கிறேன்.